எலிக்கு என்ன செலவு?

"நாய் என்றால்தான் சார் செலவு. எலிக்கு என்ன செலவு?"

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்து மாலையில், என் பக்கத்து வீட்டு நண்பர் என் வாசலில் நின்று சொன்ன வாக்கியம் இது. அவர் கையில் ஓர் அட்டைப் பெட்டி. அதில் ஆணியால் குத்திய நாலைந்து ஓட்டைகள். பெட்டிக்குள் ஒரு வெள்ளை எலி. பின்னால் அவருடைய எட்டு வயது மகன், உலகத்தையே விலைக்கு வாங்கிவிட்டவன்போல் நின்றுகொண்டிருந்தான்.

பையன் கேட்டது நாய். நாய்க்கு ஊசி போட வேண்டும், நடத்திக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், குரைத்தால் மாடி வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்றெல்லாம் நண்பர் கணக்குப் பார்த்தார். கடைக்காரர் சுலபமான வழி சொன்னார். 150 ரூபாய்க்கு ஓர் எலி. குரைக்காது, கடிக்காது, மிச்சம் மீதி எதைப் போட்டாலும் தின்னும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் யாரோ கழித்துவிட்ட ஒரு கிளிக்கூண்டும் கிடைத்தது. ஆக மொத்தம், மகனுடைய ஆசையை ஒரு சினிமாச் செலவுக்குள் முடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது.

நண்பர் நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் நாலு பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறார். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுக்கிறார். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். அப்படிப்பட்ட மனிதர் வாயிலிருந்து வந்ததாலேயே அந்த வாக்கியம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. கெட்டவர்கள் சொல்லும் கெட்ட வார்த்தைகளால் உலகத்துக்கு அவ்வளவு ஆபத்து இல்லை. நல்லவர்கள் யோசிக்காமல் சொல்லும் வார்த்தைகள்தாம் பயமாக இருக்கின்றன.

எலிக்கு என்ன செலவு? கேள்வி கேட்டுவிட்டார். பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

அதற்கு முன்னால், மூக்கைச் சுளிக்கும் வாசகருக்கு ஒரு வார்த்தை. "எலியைப் போய் வளர்ப்பார்களா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வளர்க்கிறார்கள் ஐயா, நூறு வருஷத்துக்கு மேலாக வளர்க்கிறார்கள். விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஜாக் பிளாக் என்று ஓர் எலி பிடிக்கிறவர் இருந்தார். பிடித்தவற்றில் நிறம் மாறிப் பிறந்தவற்றைக் கொல்லாமல் வளர்த்து, குட்டி போட வைத்துச் சீமாட்டிகளுக்கு விற்றார். 1901-ல் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் இங்கிலாந்தின் அய்ல்ஸ்பரி கண்காட்சியில் எலிகளுக்கும் இடம் கொடுத்தார்கள். சாக்கடையில் ஓடும் பழுப்பு எலியும் இந்த வெள்ளை எலியும் ஒரே ஜாதிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக மனிதன் கையில் பிறந்து வளர்ந்ததில் குணம் மாறிவிட்டது. நம் ஊர் மட்டும் என்ன? ராஜஸ்தானத்தில் தேஷ்நோக் கர்ணி மாதா கோயிலில் எலிகள் ஆயிரக்கணக்கில் திரிகின்றன. பக்தர்கள் பால் வைக்கிறார்கள். வேதாரணியத்தில் நெய் குடிக்க வந்த எலி தெரியாமல் திரியைத் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மறு பிறவியில் மகாபலியாகப் பிறந்தது என்று நம் தல புராணம் சொல்கிறது. ஆகவே, எலியை வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை. செலவில்லை என்று சொல்லிக்கொண்டு வளர்ப்பதில்தான் ஆட்சேபணை.

கணக்குக்கு வருவோம்.

சாப்பாட்டு விஷயத்தில் நண்பர் சொன்னது சரி. வளர்ந்த எலி நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம்தான் தின்னும். ஆயுள் இரண்டிலிருந்து மூன்று வருஷம். தாராளமாகவே 20 கிராம், மூன்று வருஷம் என்று வைத்துக்கொண்டாலும் 22 கிலோவுக்கு மேல் போகாது. பிறந்த நாள் முதல் இறக்கும் நாள் வரை ஓர் எலி தின்பது ஒரு 25 கிலோ அரிசி மூட்டை அளவுகூட இல்லை. தானியம், கொஞ்சம் காய்கறி, எப்போதாவது அவித்த முட்டையில் ஒரு துண்டு, எப்போதும் சுத்தமான தண்ணீர். இதுதான் அதன் சாப்பாடு. மிச்சம் மீதியான பஜ்ஜியும் மிக்சரும் அல்ல. அவற்றைத் தின்றால் கொழுத்துப்போய்ச் சீக்கிரம் சாகும். மனிதனைப் போலவேதான்.

ஆனால் ஐயா, உயிரை வளர்ப்பது என்றால் தீனி போடுவது என்று யார் சொன்னார்கள்? சாப்பாடு போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது என்று நினைக்கிற தகப்பன்மார்கள் நம் நாட்டில் அநேகம் பேர். அவர்களுடைய குழந்தைகளைக் கேட்டால் மீதிக் கதையைச் சொல்லும்.

முதல் செலவு, இன்னோர் எலி. "எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்று நாம் பழமொழி சொல்கிறோம். வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் பெருமூச்சோடு சொல்கிற பழமொழி. எலிக்கு இது தெரியாது. தெரிந்தால் ஒப்புக்கொள்ளாது. தனியாக இருக்க முடியாத ஜீவன் அது. கூட்டமாகப் பிறந்து, ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தூங்கி, ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்து வாழ்வது அதன் சுபாவம். 2011-ல் சிக்காகோ சர்வகலாசாலையில் ஒரு பரீட்சை செய்தார்கள். ஓர் எலியைச் சின்னக் குழாய்க்குள் அடைத்து வைத்தார்கள். வெளியில் இருந்த அதன் தோழன், யாரும் கற்றுக்கொடுக்காமலே கதவைத் திறக்கும் வழியைக் கண்டுபிடித்து அதை விடுவித்தது. பக்கத்தில் சாக்லேட் இருந்தும் பல எலிகள் நண்பனை விடுவித்து அதற்கும் பங்கு வைத்தன. ஜாக் பாங்க்செப் என்ற அறிஞர் எலிக்குக் கிச்சுக்கிச்சு மூட்டிப் பார்த்தார். மனிதக் காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலியில் அது குதூகலித்தது. இப்படிப்பட்ட பிராணியைத் தனியாகக் கிளிக்கூண்டில் போட்டுவிட்டு, "சமர்த்தாக இருக்கிறது, சத்தமே போடவில்லை" என்று சந்தோஷப்படுகிறோம். ஏங்கிப்போன ஜீவன் எப்படிச் சத்தம் போடும்?

சரி, ஜோடியாக வாங்கலாம் என்றால், அங்கே இரண்டாவது ஆபத்து. ஆணா பெண்ணா என்று பார்த்து வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? எலிக்குக் கர்ப்ப காலம் 21 முதல் 23 நாள். ஒரு பிரசவத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு குட்டிகள். பெற்ற மறுநாளே மறுபடியும் கர்ப்பம் தரிக்க முடியும். குட்டிகள் ஐந்தாறு வாரத்தில் தாங்களே கருத்தரிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். தைப் பொங்கலுக்கு ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி வாங்கினால், சித்திரை பிறப்பதற்குள் மூன்று பிரசவம் நடந்திருக்கும். முதல் பிரசவத்துக் குட்டிகளே தாயாகும் தறுவாயில் நிற்கும். அப்போதுதான் தகப்பனாருக்கு ஞானோதயம் பிறக்கும். ஒரு பையில் போட்டு ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிடுவார். "பிழைத்துப் போகட்டும்" என்பார். அதற்கு விடுதலை என்று பெயரும் வைப்பார். காக்கைக்கும் பருந்துக்கும் பூனைக்கும் ஒரு வேளை விருந்து என்பதே அந்த விடுதலையின் அர்த்தம். பச்சைப் புல்லில் வெள்ளை உடம்போடு, வளை தோண்டிப் பழகாத கால்களோடு, மனிதன் கையை நம்பியே வளர்ந்த பிராணி எத்தனை நாழிகை பிழைக்கும்?

மூன்றாவது செலவு, கூண்டு. கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் குட்டி எலி நழுவிவிடும். ஏறி இறங்க மேல்தட்டு வேண்டும், ஒளிந்து தூங்க மூலை வேண்டும், கடிக்கக் கட்டை வேண்டும். எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாமல் பட்டினியால் சாகும். பரப்பி வைக்க மரத்தூள் கொடுக்கிறார்கள். பைன், தேவதாரு போன்ற மரங்களின் தூள் அதன் நுரையீரலுக்கு ஆகாது. பழைய பருத்தித் துணி எவ்வளவோ மேல். அந்தத் துணியை யார் துவைப்பது?

இங்கேதான் நம் வீடுகளின் உண்மையான கணக்கு ஆரம்பமாகிறது. சிறுநீர் நாற்றம் தேங்கினால் அந்த நெடியே எலியின் சுவாசத்தைக் கெடுக்கும். ஆகவே அன்றாடம் அழுக்கை எடுக்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது கூண்டு முழுவதையும் கழுவ வேண்டும். நண்பர் பட்டறைக்குப் போய்விடுவார். பையன் பள்ளிக்கூடம் போய்விடுவான். எலி வாங்கலாமா என்று யாரும் கேட்காத ஒருத்தி வீட்டில் இருந்தாள். "எனக்கு நாலு பேரைப் பார்க்கணும், இப்போ அஞ்சு" என்று அந்த அம்மாள் ஒரு நாள் என் மனைவியிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு நான் சிரிக்கவில்லை. "செலவே இல்லை" என்று ஓர் ஆண்மகன் சொன்னால், வீட்டுக்குள் எவளோ ஒருத்தி அந்தச் செலவைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். எலிக்கு மட்டுமா இது பொருந்தும்?

நாலாவது செலவு, நம் ஊர் வெயில். எலிக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடம்புச் சூட்டில் ஒரு பங்கை வால் வழியாக வெளியே விடுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே அதற்குச் சிரமம். நம் ஊர்க் கத்திரி வெயிலோ 40 டிகிரியைத் தொடுகிறது. திருமுடிவாக்கத்தில் ஒரு காலத்தில் வயலும் வாய்க்காலும் இருந்த இடத்தில் இப்போது தகரக் கூரைப் பட்டறைகளும் கான்கிரீட் வீடுகளும் வெளிவட்டச் சாலையின் தாரும் சேர்ந்து கொதிக்கின்றன. நண்பர் வீட்டில் கூண்டை வைத்தது மேற்குப் பார்த்த பால்கனியில். காரணம், நாற்றம் வீட்டுக்குள் வரக் கூடாது!

இப்படித்தான் ஒன்றரை மாதம் போயிற்று. பையன் அதற்குப் 'பஞ்சு' என்று பெயர் வைத்திருந்தான். தோளில் ஏற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வருவான். நான் எழுதுகிற மேஜைமேல் அது உலாவும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, இரண்டு கையாலும் ஏந்த வேண்டும், தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். எலிக்கடியாலும் எலியின் சிறுநீராலும் மனிதனுக்குக் காய்ச்சல்கள் வரும். வளர்ப்பு எலி என்பதற்காக அந்த விதி மாறிவிடாது. ஒரு நாள் ஓடி வந்தான்.

"தாத்தா, பஞ்சுவுக்கு மூக்கில ரத்தம் வருது."

பார்த்தேன். கண்ணோரத்திலும் மூக்கிலும் சிவப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. அது ரத்தமல்ல; எலிக்கு உடம்பு சரியில்லாமல் போனால் சுரக்கும் ஒரு நிறப்பொருள். மூச்சு விடும்போது விசிலடிப்பதுபோல் ஒரு சத்தம். நண்பரைக் கூப்பிட்டேன். அவர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, மகன் தலையைப் பரிவோடு தடவினார்.

"அழாதடா. அப்பா புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்."

பையன் அழுகையை நிறுத்தினான். கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தான். பிறகு கேட்டான்: "அப்போ இது?"

வாசகர்களே, இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். "புதுசா ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்பதில் கொடுமை எதுவும் இல்லை. அது அன்பினால் சொன்ன வார்த்தை. ஆனால் அந்த அன்பு குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது? நோய்ப்பட்டதைத் தூக்கி எறி. அதே விலைக்கு இன்னொன்று கிடைக்கும். விலை குறைந்த உயிருக்காக வருத்தப்படாதே. எட்டு வயதில் இந்தப் பாடத்தை நன்றாகப் படித்துத் தேறுகிற பையன், நாற்பது வயதில், சம்பாதிக்க முடியாமல் மூலையில் படுத்துவிட்ட கிழவரைப் பார்த்து என்ன நினைப்பான்? அந்தக் கிழவர் நண்பராகவே இருக்கலாம் என்பதை நான் நண்பரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பையனுடைய பார்வையே சொல்லிவிட்டது.

மூவரும் புறப்பட்டோம். முதலில் போன ஆஸ்பத்திரியில், "நாய், பூனைதான் பார்ப்போம்" என்று கையை விரித்தார்கள். இன்னோர் இடத்தில் டாக்டரே இல்லை. மூன்றாவதாக ஒரு டாக்டர் கிடைத்தார். எலியைக் கையில் ஏந்தி, காதில் குழாயை வைத்து, பொறுமையாகப் பார்த்தார். நுரையீரலில் கிருமி. எலிகள் பெரும்பாலானவை இந்தக் கிருமியோடேயே பிறக்கின்றன. வெயில், நெடி, தனிமை எல்லாம் சேர்ந்தால் அது தலைதூக்கும் என்றார். மூன்று வாரத்துக்கு மருந்து எழுதினார். கூண்டை வீட்டுக்குள் வையுங்கள், இதற்குத் துணையாக இன்னொரு பெண் எலி வாங்குங்கள், வாங்கினால் இரண்டு மூன்று வாரம் தனியாக வைத்திருந்து பிறகு சேருங்கள் என்றும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நண்பர் கணக்குப் போட்டார். "எலி 150 ரூபா சார். டாக்டருக்கு 500. மருந்து 300. ஆட்டோ வேற. இதுக்குப் பதிலா அரை டஜன் எலி வாங்கிடலாம். இது நியாயமா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பட்டறைக்கு லேத் வாங்கும்போது விலையை மட்டும்தான் கேட்பீர்களா?" என்றேன்.

"அது எப்படி சார்? கரண்டு எவ்வளவு இழுக்கும், ஆயில் எவ்வளவு குடிக்கும், ஸ்பேர் கிடைக்குமா, ரிப்பேர் பார்க்க ஆள் பக்கத்திலே உண்டா, எல்லாம் கேட்டுத்தான் வாங்குவேன். வருஷா வருஷம் தேய்மானம் வேற கழிப்பேன்."

"எலி வாங்கும்போது அதில் ஒன்றையாவது கேட்டீர்களா?"

"மிஷின் வேற, எலி வேற சார்."

"வேறேதான். மிஷினுக்கு வலிக்காது."

அதற்கப்புறம் வீடு வந்து சேரும் வரை நண்பர் பேசவில்லை.

இந்த இடத்தில் புத்திசாலியான வாசகர் ஒருவர் குறுக்கிடுவார். "அதே தெருவில் பத்து வீட்டில் எலி மருந்து வைக்கிறார்கள். ஒரு வீட்டில் எலிக்கு ஊசி மருந்தா? உமது ஜீவகாருண்யத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா?"

நல்ல கேள்வி. எலியைக் கொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1994-ல் சூரத் நகரம் பிளேக்கால் நடுங்கி, ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு ஓடியதை நான் மறக்கவில்லை. மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீரில் எலிச் சிறுநீர் கலந்து பரவும் காய்ச்சலையும் மறக்கவில்லை. களத்து நெல்லை எலிக்குத் தாரை வார்க்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டான். செங்கற்பட்டுச் சீமையில் இருளர்கள் வயலில் வளை தோண்டி எலியைப் பிடித்தார்கள். அது சேர்த்து வைத்த நெல்லையும் மீட்டார்கள். விஷம் வைக்காமல் செய்த வேலை அது. நாமோ, "எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல" என்ற பழமொழியை வாயால் சொல்லிக்கொண்டே கையால் அதையே செய்கிறோம். 2024 நவம்பரில், எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் குன்றத்தூரில், ஓர் அடுக்குமாடி வீட்டில் எலிக்கென்று வைத்த விஷம் இரண்டு பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் சரியாகச் சாப்பிடவில்லை. வாங்குகிற விலை மலிவாக இருந்தால் விளைவும் மலிவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிற அதே அசட்டையை இங்கேயும் பார்க்கிறேன்.

ஆனால் கேள்விக்கு நேரான பதில் வேறு. ஒருவன் சுவரேறிக் குதித்து வீட்டுக்குள் வருகிறான். இன்னொருவனை நாமே கையைப் பிடித்து அழைத்து வருகிறோம். இருவரும் ஒரே ஜாதி, ஒரே ஊர் என்பதற்காக இருவரிடமும் நமக்கு ஒரே கடமையா? வளையிலிருந்து வந்த எலி தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளும். நமக்கும் அதற்கும் நடப்பது யுத்தம். கூண்டில் இருக்கும் எலியோ, தன் தண்ணீரைத் தேடிப் போக முடியாது; நிழலைத் தேடிப் போக முடியாது; துணையைத் தேடிப் போக முடியாது. அந்த வழிகளையெல்லாம் அடைத்தது யார்? நாம். அடைத்தவன்தான் திறந்துவிட வேண்டும். அல்லது கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அது எலி என்பதனால் வந்த கடமை அல்ல. அழைத்தோம் என்பதனால் வந்த கடமை. விருந்தாளியின் அந்தஸ்தைப் பார்த்து இலை போடுகிற வழக்கம் தமிழனுக்கு எப்போது வந்தது?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1972-ன் வனவிலங்குச் சட்டம் எலியைத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது; 2022-ல் திருத்தம் செய்தபோது அந்தப் பட்டியலையே நீக்கிவிட்டார்கள். 2018-ல் வந்த வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள், நாய் பூனையோடு எலி வகைகளையும் பெயர் சொல்லிச் சேர்த்து, கடைக்காரர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. 1960-ன் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி, வளர்க்கிற பிராணிக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் கொடுக்காமல் இருப்பது குற்றம். அந்தச் சட்டம் முதல் குற்றத்துக்கு வைத்த அபராதம் எவ்வளவு தெரியுமா? குறைந்தது 10 ரூபாய். அதிகபட்சம் 50 ரூபாய். எலிக்கு என்ன செலவு என்று கேட்ட என் நண்பரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? சர்க்காரே அப்படித்தானே கணக்குப் போட்டிருக்கிறது!

ஆகவே சட்டத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை. கடைக்காரர் சொல்லமாட்டார், சொன்னால் வியாபாரம் போய்விடும். சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர்கள். குழந்தை கேட்கிறது என்றால் மலிவான உயிராகப் பார்த்து வாங்கிக் கொடுக்காதீர்கள். ஒரு காகிதத்தை எடுத்துக் குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒன்றல்ல, ஒரே இனமாக இரண்டு. பெரிய கூண்டு. அன்றாடம் அழுக்கை எடுக்கிற கை யாருடையது, பெயரோடு. நாளுக்கு ஒரு மணி நேரம் அதோடு விளையாடப் போவது யார். கத்திரி வெயிலில் எந்த அறை. ஊருக்குப் போனால் யார் பொறுப்பு. எலியைப் பார்க்கிற டாக்டர் எங்கே, நோய் வருவதற்கு முன்னாலேயே விசாரித்த விலாசம். ஒன்றரை வயதுக்குமேல் பெண் எலிக்குக் கட்டி வருவது சகஜம். வந்தால் ஆபரேஷனுக்குப் பணம் எங்கே. கடைசியாக, இரண்டு மூன்று வருஷத்தில் அது செத்துப்போகும். அன்றைக்குக் குழந்தையோடு உட்கார்ந்து அழ உங்களுக்கு நேரம் இருக்குமா. இத்தனையும் எழுதிய பிறகும் மனம் துணிந்தால் வாங்குங்கள். துணியவில்லை என்றால், வாங்காமல் இருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கதையை முடித்துவிடுகிறேன். பஞ்சு பிழைத்தது. நண்பர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையிலிருந்து ஆள் உயரக் கூண்டு ஒன்று வந்து இறங்கியது. அரை அங்குல இடைவெளி, மூன்று தட்டு, உராய்ந்தால் கீறாதபடி ஓரமெல்லாம் அரம் போட்டுத் தேய்த்திருந்தார். கூண்டு ஹாலுக்குள் வந்தது. ஆடி மாதத்தில் இன்னொரு பெண் எலி வந்தது. அதற்கு 'மிளகு' என்று பெயர். அழுக்கு எடுக்கும் வேலை தகப்பனுக்கும் மகனுக்கும் முறை வைத்துப் பிரிந்தது. மறு வருஷம் கார்த்திகையில் பஞ்சு கட்டி வந்து இறந்தது. மிளகு தனியாகிவிட்டது என்று பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கூண்டருகிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். இந்த வருஷம் ஆவணியில் அதுவும் போய்விட்டது.

போன வாரம் நண்பர் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கூண்டு காலியாக இருக்கிறதே, மறுபடியும் வாங்கப் போகிறீர்களா என்று கேட்டேன்.

"பையனைக் கேட்டேன் சார். இப்போ வேண்டாம்னு சொல்லிட்டான். ஆறாவது போறான், டியூஷன் இருக்கு, நேரம் இருக்காதாம். அதுங்க பாவம்னு சொன்னான்."

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "செலவு ஜாஸ்திதான் சார்" என்றார்.